உதவித்தொகை பெற்ற எழுத்தாளர்

‘மத்திய அரசு விருது பெற்ற எழுத்தாளர்’ என்று தங்கவேல் எழுதிக்கொண்டு வந்த தாளில், ‘விருது’ என்ற சொல்லைத் திருவேங்கடம் அடித்தார். ஒரு கோடு போதாதென்று இன்னொரு கோடும் போட்டார்.

கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிக்கான வாசகம் அது. நாலு மணிக்கு எடுக்கிறார்கள். அதற்குள் அச்சடித்துப் பூந்தமல்லி முழுக்க ஒட்டியாக வேண்டும். கூடத்தில், மாலைகளுக்கு நடுவே, மூக்கில் பஞ்சோடு கிடந்தார் ஜானகிராமன். திருவேங்கடத்தின் தங்கை பஞ்சவர்ணத்தின் புருஷன். காலையில் வேலைக்குக் கிளம்பச் செருப்பை மாட்டியவர், ஒரு செருப்போடு சரிந்துவிட்டார்.

“இன்னா சார், அதையே அடிச்சிட்டீங்க?” என்றார் தங்கவேல். ஜானகிராமன் வேலை பார்த்த லேத்துப் பட்டறையின் முதலாளி.

“அது விருது இல்ல தங்கவேலு, உதவித்தொகை. நாவல் எழுதறேன்னு சொன்னா ரெண்டு வருசம் குடுப்பாங்க. ரெண்டும் ஒண்ணா?”

“டில்லிலேந்து வந்துச்சில்ல?”

“டில்லிலேந்து கொசு மருந்துகூடத்தான் வருது.”

சொன்ன பிறகுதான் சாவு வீடு என்பது ஞாபகத்துக்கு வந்தது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

மூன்று வருடமாக அவருக்கு இதே பொழப்பு. கல்யாணம், காதுகுத்து, எங்கே போனாலும் “ஒங்க மச்சானுக்கு கவர்மெண்டே குடுத்துட்டானாமே” என்று ஆரம்பிப்பார்கள். இருபது வருடமாக எழுதுகிறவர் இவர். அம்பத்தூர் எஸ்டேட்டின் மூன்று ஷிப்டுக்கும் நடுவே எழுதி, பதினோரு கதைகள் அச்சில் வந்திருந்தன. ஜானகிராமன் எழுதியது மொத்தமே மூன்று.

அந்த உதவித்தொகை அறிவிப்பை முதலில் பார்த்தவரும் இவர்தான். கிளை நூலகத்தில், நாளிதழின் ஒரு மூலையில், நாலு விரல் அகலத்துக்குக் கிடந்தது. நூலகர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, சட்டைப் பையிலிருந்த பிளேடால் வெட்டி எடுத்துக்கொண்டார். மச்சான் சாயங்காலம் அதே பேப்பரைப் படிக்க வருவார் என்பது தெரியும். ஜானகிராமனோ அதே அறிவிப்பை பஜ்ஜி மடித்த தாளில் படித்துவிட்டு, எண்ணெய்க் கறையோடு இவரிடமே வந்து நின்றார்.

“மச்சான், இன்னா எழுதப் போறேன்னு ஒரு பக்கம் எழுதச் சொல்றான். இன்னா போடறது?”

“பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுன்னு போடு, போ.”

நக்கலாகத்தான் சொன்னார். தன் விண்ணப்பத்தில் ‘மனித மனத்தின் இருண்ட ஆழங்கள்’ என்று எழுதியிருந்தார். டில்லியிலிருந்து ஆழங்களுக்குப் பதிலே வரவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு ரிஜிஸ்தர் தபாலில் வந்தது.

“ஆர்டரப் பாத்தே எழுதிடலாம் சார்,” என்றார் தங்கவேல். “தப்பாப் போட்டா அசிங்கமாப் பூடும்.”

பஞ்சவர்ணத்துக்குத் தொண்டை கட்டியிருந்தது. “ட்ரங்குப் பொட்டில பச்ச ஃபைலு கீது அண்ணே. என்னயவே தொட உடமாட்டாரு. நீயே போய் எடு.”

உள்ளறையில் உட்கார்ந்து ஃபைலைப் பிரித்தார். மேலாக டில்லிக் கடிதம், பிளாஸ்டிக் உறைக்குள். உதவித்தொகைதான். எங்கேயும் விருது இல்லை. மூன்று முறை படித்து நிம்மதியானார்.

கடிதத்துக்கு அடியில் இருந்தவை திருவேங்கடத்தின் கதைகள்.

எண்ணினார். பதினொன்று. பத்திரிகைகளிலிருந்து பிளேடால் வெட்டியவை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் நூலகத்தின் ஊதா முத்திரை.

“என் கதை வந்த பக்கம் மட்டும் எப்படிய்யா காணாமப் போவுது?” என்று அதே நூலகரிடம் ஒருமுறை சண்டைக்குப் போயிருந்தார். யாரோ வாசகர் ஆசைப்பட்டு எடுத்துப் போயிருப்பார் என்றார் நூலகர். அந்த வாசகரை நினைத்து ஒரு வாரம் நன்றாகத் தூங்கினார். அன்றைக்குப் பக்கத்தில் நின்று, “அநியாயம் மச்சான்,” என்று தலையாட்டியவர் ஜானகிராமன்.

வெட்டிய பக்கங்களில் பென்சில் எழுத்து இருந்தது. ‘இத நான் எழுதியிருக்கணும்.’ அடுத்ததில், ‘மூணு நாளாத் தூக்கம் வரல. பாவி.’ இன்னொன்றில், ‘இத நம்ம லைப்ரரில எவனும் படிக்கக் கூடாது.’ பதினோராவது கதையின் கீழே, ‘பஸ் ஸ்டாண்டு நாவல என்னவிட இவன்தான் ஒழுங்கா எழுதுவான். சொல்ல மாட்டேன்.’

திருவேங்கடத்தின் தோள்கள் குலுங்கின. வாசற்படியில் நின்ற ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, “அய்யோ, அண்ணங்காரரு தாங்கலியே,” என்று குரலெடுத்தாள். கூடம் முழுக்க ஒப்பாரி ஏறியது. முதலில் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

ஃபைலைக் கட்டிப் பெட்டியில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

“ஆர்டர்ல இன்னா சார் போட்டுகீது?”

“விருதுன்னுதான் போட்டிருக்கு.”

தாளை வாங்கி, தான் அடித்த இடத்துக்கு மேலே அந்தச் சொல்லைத் திரும்ப எழுதினார். “பெரிய எழுத்தாப் போடச் சொல்லு.”

எல்லாம் முடிந்து, குளித்து, ஈர வேட்டியோடு அவர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. கட்டணக் கழிப்பிடச் சுவரில் மச்சான் ஒட்டப்பட்டிருந்தார். பசை காயவில்லை. ‘எழுத்தாளர்’ பக்கத்து மூலை பெயர்ந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. திருவேங்கடம் அதைக் கட்டைவிரலால் அழுத்தினார். கையை எடுத்தால் எழும்பியது. மறுபடி அழுத்தினார்.

அம்பத்தூர் பஸ் வந்து நின்றது.

“யோவ் பெரிசு, ஏறுறியா இல்லியா?” என்று கத்தினார் கண்டக்டர்.

“நீ போப்பா.”

பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. அவர் விரலை எடுக்கவில்லை.