மஞ்சள் தகடு

அந்த அட்டைப்பெட்டி ஆலையில் இரண்டு பகுதிகள். ஒன்றில் பசை ஒட்டுவார்கள், இன்னொன்றில் அட்டை வெட்டுவார்கள். ஒட்டும் பகுதிக்காரர்கள் காலையில் வந்து கையைக் கழுவிக்கொண்டு வேலையை ஆரம்பிப்பார்கள், அவ்வளவுதான். வெட்டும் பகுதிக்காரர்கள் அப்படியில்லை. ஒருவர் இயந்திரத்தின் பக்கவாட்டில் விரல் முட்டியால் தட்டிவிட்டுத்தான் விசையைப் போடுவார். இன்னொருவர் முதல் அட்டையை வெட்டாமல் கிழித்துக் காலடியில் போடுவார். நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் ஆள், நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வேலையில் கை வைப்பான்.

இந்த வித்தியாசம் கண்ணில் பட்ட அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அவள் பல்கலைக்கழகத்தில் மதங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்பவள். கடவுள் உண்டா இல்லையா என்று யாராவது கேட்டால், அது என் துறை இல்லை என்று சிரிப்பாள். மனிதர்களிடம் மதம் எப்படி முளைக்கிறது, எதற்குப் பயன்படுகிறது என்பதுதான் அவள் துறை. வளர்ந்து மரமாகிவிட்ட மதங்களை ஆயிரம் பேர் அளந்துவிட்டார்கள். விதை வெடிக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. தம்பி அந்த ஆலையில் வெட்டும் பகுதியில் இருந்தான். மேஸ்திரியின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, அவர் மூலமாக மேலாளரிடம் அக்கா உள்ளே வந்து பார்க்க அனுமதி வாங்கிக் கொடுத்தான். வந்த முதல் வாரத்திலேயே அவளுக்குக் கேள்வி அக்கா என்று பெயர் விழுந்துவிட்டது.

"ஏன்டா சுத்துற?" என்று நெட்டையிடம் கேட்டாள்.

"சும்மாதான்க்கா."

"சுத்தாம வேலை செஞ்சா?"

"செய்யலாம். நீங்க செஞ்சு காட்டுங்க, நான் ஓரமா நின்னு பாக்குறேன்."

தம்பி அட்டையை அடுக்கிக்கொண்டே சொன்னான்: "அவன்கிட்ட கேக்காதக்கா. மாமனார் வீட்டு வாசல்லயும் ஒரு சுத்து சுத்திட்டுத்தான் உள்ள போவான். மாப்பிள்ளைய டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு மாமியார் சொல்லிட்டாங்க."

வெட்டும் இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால்தான் இந்தச் சுற்றலும் தட்டலும் புரியும். இரண்டு கனத்த இரும்புப் பலகைகள், புத்தகம் விரிவதுபோல விரிந்து மூடும். ஒரு பலகையில் பெட்டியின் வடிவத்துக்குக் கத்திகள் பதித்திருக்கும். விரியும்போது அட்டையை உள்ளே வைக்க வேண்டும், மூடுவதற்குள் கையை எடுத்துவிட வேண்டும். இதற்குக் காவலாக முன்னால் ஒரு கம்பிவலைக் கதவு. கதவைத் தூக்கினால் அதன் பின்னால் இருக்கும் சின்ன சுவிட்சு விடுபடும், மின்சாரம் நிற்கும், பலகை அசையாது. அட்டையை வைத்துக் கதவை இறக்கினால்தான் மறுபடி ஓடும். நல்ல ஏற்பாடு. ஆனால் எல்லா இயந்திரத்திலும் அந்தச் சுவிட்சின் சுருள்கம்பி தேய்ந்துபோயிருந்தது. எப்போதாவது ஒரு தடவை சுவிட்சு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். கதவு திறந்திருக்கும், ஆனால் மூடியிருப்பதாக நினைத்து இயந்திரம் ஓடும். எப்போது சிக்கும் என்று யாருக்கும் தெரியாது. பசை ஒட்டுகிறவனுக்கு இந்தக் கவலை இல்லை. அதனால்தான் அவன் எதையும் தட்டுவதில்லை.

உள்ளே வர அனுமதித்த மேலாளர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். வாரக் கடைசியில் தன் அறைக்கு வந்து, பார்த்ததைச் சொல்ல வேண்டும். அவரைப்போலக் காது கொடுத்துக் கேட்கும் ஆளை அவள் கண்டதில்லை. பல்கலைக்கழகத்தில் அவளுடைய வழிகாட்டி அவள் பேசும்போது நகம் வெட்டுவார். இவர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முன்னால் சாய்ந்து உட்காருவார். அவளுக்கு மடை திறந்ததுபோல ஆகிவிடும்.

ஏரியில் மீன் பிடிக்கிறவன் வலையை வீசுவான், மீனை எடுப்பான், போய்விடுவான். நடுக்கடலுக்குப் போகிறவன்தான் கிளம்புமுன் பத்துச் சடங்கு செய்வான் என்றாள். கைக்கு அடங்காதது எங்கே இருக்கிறதோ அங்கே சடங்கு இருக்கும். புறாவுக்கு நேரங்கெட்ட நேரத்தில் தீனி போட்டால், தீனி விழுந்தபோது தற்செயலாகக் கழுத்தைத் திருப்பியிருந்த புறா, அதற்குப் பிறகு நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கும் என்றாள்.

"நம்ம நெட்டை மாதிரி" என்றார் மேலாளர்.

"அதேதான் சார்."

"ஆனா இவங்க ஆளுக்கு ஒண்ணு பண்றாங்களே. எல்லாரும் சேந்து ஒரே மாதிரி பண்ணா?"

"அப்பதான் சார் அது மதம். ஒண்ணா நின்னு ஒரே காரியத்த செய்யும்போது தன்ன விடப் பெருசா ஏதோ இருக்குற மாதிரி தோணும். அது வேற ஒண்ணும் இல்ல, அந்தக் கூட்டம்தான். ஆனா கூட்டத்தக் கும்பிட முடியாதுல்ல, அதனால ஒரு பொருள் வேணும். கல்லு, கொடி, எதுவா இருந்தாலும் சரி."

"பயம் கொறையுமா?"

"கொறையும். கை நடுங்காது."

"கை நடுங்கலன்னா வேலை வேகமாகும்." அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, எல்லாம் பண்ணியும் ஒருத்தனுக்கு அடிபட்டுடுச்சுன்னு வைங்க. இதெல்லாம் பொய்னு தூக்கிப் போட்டுட மாட்டாங்களா?"

அவள் கண் மின்னியது. இதுதான் அவளுக்கு மிகவும் பிடித்த இடம்.

"மாட்டாங்க சார். அங்கதான் சூட்சுமமே. அடிபட்டவன் சரியாச் செய்யலன்னு சொல்லுவாங்க. முன்ன விட இறுக்கமாப் புடிச்சுப்பாங்க."

மேலாளர் எழுந்து அவள் கோப்பையில் தன் கையாலேயே இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார்.

அடுத்த வாரம் வெட்டும் பகுதியின் நுழைவாயில் சுவரில் மஞ்சள் வண்ணம் அடித்த ஓர் இரும்புத் தகடு ஏறியது. சங்கு ஊதியதும் எல்லோரும் வரிசையில் வர வேண்டும், வலது உள்ளங்கையைத் தகட்டில் வைத்து "என் கை, என் பொறுப்பு" என்று சொல்ல வேண்டும். மேஸ்திரி முன்னால் நின்று நடத்தினார். முதலில் ஒரே சிரிப்பு. நெட்டை தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வரிசையையே கலகலக்க வைத்தான். பிறகு மெல்ல மெல்லச் சிரிப்பு குறைந்தது. யாரோ ஒருவர் தகட்டைத் துடைத்து வைத்தார். எண்ணெய்க் கையோடு தொடவந்த ஒருவரை, கழுவிட்டு வாங்க என்று மற்றவர்கள் திருப்பி அனுப்பினார்கள். தட்டுவதும் கிழிப்பதும் சுற்றுவதும் தாமாகவே நின்றுபோயின. இயந்திரத்தின் வேகத்தை மேலாளர் கொஞ்சம் கூட்டினார். யாரும் முணுமுணுக்கவில்லை.

அவளுக்கோ தலைகால் புரியவில்லை. விதை அவள் கண்ணெதிரே வெடிக்கிறது. உலகத்தில் எத்தனை பேருக்கு இந்தப் பாக்கியம் கிடைக்கும்?

ஒருநாள் வீட்டில் சட்டை மடித்துக்கொண்டிருந்தபோது தம்பி சொன்னான்: "அக்கா, நீ சார்கிட்ட நல்லாப் பேசுறல்ல. அந்தக் கதவு சுவிட்சு பத்தி ஒரு வார்த்தை சொல்லேன். நாங்க சொன்னா மேஸ்திரியத் தாண்டிப் போகாது. நீ சொன்னா மாத்திடுவாரு."

அவள் மடிப்பதை நிறுத்தினாள். சொன்னால் மாற்றிவிடுவார் என்பதுதான் சிக்கல். சுவிட்சு சரியானால் பயம் போய்விடும். பயம் போனால் தகடு வெறும் தகடாகிவிடும். அவளுடைய ஆராய்ச்சி அத்தியாயம் பாதியில் நிற்கும்.

"நான் பாக்க வந்தவடா. நடுவுல கைய விட்டேன்னா நான் பாக்குறதே மாறிப்போயிடும். அதுல ஒரு முறை இருக்கு."

"சுவிட்சு மாத்துறதுல என்னக்கா முறை?"

"கொஞ்சம் பொறு. என் வேலை முடியட்டும், நானே சொல்றேன். அதுவரைக்கும் பாத்து இரு."

"பாத்துதான் இருக்கேன்" என்றான் அவன். அதற்குமேல் கேட்கவில்லை. அக்கா படித்தவள், காரணம் இல்லாமல் சொல்ல மாட்டாள்.

அவன் கை போன அன்று அவள் ஒட்டும் பகுதியில் இருந்தாள். சத்தம் கேட்கவில்லை, வெட்டும் பகுதியின் இயந்திரங்கள் ஒன்றைத் தவிர மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோன அமைதிதான் கேட்டது. ஓடிப் போனாள். கதவு மேலே தூக்கியபடி இருந்தது. அவன் தரையில் உட்கார்ந்து, நெட்டையின் சட்டையில் சுற்றிய வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, தூங்கி எழுந்தவனைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இயந்திரத்தின் பலகைகள் மட்டும் இன்னும் விரிந்து மூடிக்கொண்டிருந்தன. மேஸ்திரி வந்து விசையை நிறுத்தினார்.

வண்டி அவனை ஏற்றிக்கொண்டு தெரு திரும்புவதற்குள் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"காலையில தகட்டத் தொட்டானா?"

"கையில டீ டம்ளர் வச்சிருந்தான். முழங்கையால இடிச்சிட்டுப் போனான். நான் பாத்தேன்."

"சிரிச்சிட்டே போனான்."

"சிரிச்சான்ல, அதான்."

அவனோடு ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள்தான் பேசினார்கள். அன்று மாலை யாரும் சொல்லாமலே எல்லோரும் வெளியே போகும்போதும் தகட்டைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

மேலாளர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது. "நீங்க சொன்ன மாதிரியேம்மா" என்றார். "அச்சு அசலா." தொழிற்சாலைகளைச் சோதிக்கும் அதிகாரி மறுநாள் வருவார், வெளியாள் என்ற முறையில் அவளையும் விசாரிப்பார் என்றும் சொன்னார். தேநீர் ஊற்றினார். அவள் குடிக்கவில்லை.

மருத்துவமனையில் தம்பி விழித்திருந்தான். கட்டுப் போட்ட கை தலையணையின் மேல் கிடந்தது. கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"நான் தொடலக்கா" என்றான்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லடா. சுவிட்சு சிக்கிக்கிச்சு. நீதானே சொன்ன. தகடு நான் பேசின பேச்சுல இருந்து வந்தது, நான்தான் அவருக்கு விளக்கினேன். அதுல ஒண்ணும் இல்ல, வெறும் இரும்பு."

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

"அவசரப்படாம சொல்லுக்கா. சுவிட்சுன்னா, நான் உன்கிட்ட கேட்டேன், நீ போய்ச் சொல்லல. அப்ப நீ இந்த ரூமுக்குள்ள இனிமே வரக் கூடாது. தகடுன்னா தப்பு என்னோடது. நீ வரலாம், சோறு ஊட்டலாம், சட்டைக்குப் பொத்தான் போட்டு விடலாம். எனக்கு ஆளு வேணும்க்கா. எதுன்னு சொல்லு."

அவன் நம்புகிறானா, நம்புவதாக முடிவு செய்துவிட்டானா என்று அந்த முகத்தில் தேடினாள். இத்தனை வருடம் இதைத்தான் படித்தாள். ஒன்றும் தெரியவில்லை.

"தகடுதான்" என்றாள்.

அவன் கண்ணை மூடினான். "அப்ப நாளைக்குப் போயி எல்லார் முன்னாடியும் எனக்காகத் தொட்டுட்டு வா."

மறுநாள் காலை சங்கு ஊதியபோது அவள் வரிசையின் கடைசியில் நின்றாள். முறை வந்ததும் வலது உள்ளங்கையைத் தகட்டில் வைத்தாள். முன்னால் தொட்டவர்களின் சூட்டில் இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது. "என் கை, என் பொறுப்பு" என்றாள். எல்லோரும் இயந்திரத்துக்குப் போகாமல் நின்று பார்த்தார்கள். மேஸ்திரி தலையாட்டினார்.

அதிகாரி அங்கேதான் நின்றிருந்தார். "இவங்க பல்கலைக்கழகம் சார், நமக்கு வேண்டியவங்க வேண்டாதவங்கன்னு எதுவும் கிடையாது" என்றார் மேலாளர்.

"இயந்திரத்துல ஏதாவது கோளாறு பாத்தீங்களாம்மா? சுவிட்சு, கதவு, அந்த மாதிரி?"

சுற்றிலும் தம்பியின் கூட்டாளிகள். இங்கே சொல்வது சாயங்காலத்துக்குள் அந்தக் கட்டிலுக்குப் போய்விடும்.

"இல்ல சார்" என்றாள்.

அதிகாரி நன்றி சொல்லிவிட்டுப் போனார். தம்பியின் இயந்திரத்தைக் கழுவித் துடைத்து, அதற்கு நெட்டையை மாற்றியிருந்தார்கள். அவன் இப்போதெல்லாம் சுற்றுவதில்லை. விசையில் கை வைத்தவன் ஏதோ நினைத்துக்கொண்டு அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"கேள்வி அக்கா, நான் சரியாத்தானே தொட்டேன்? நீங்க பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்" என்றாள். "சரியாத்தான் தொட்ட."

அவன் முகம் தெளிந்தது. கதவைத் தூக்கி, முதல் அட்டையை எடுத்து, கையை உள்ளே நீட்டினான்.