வெள்ளரிக்காக மூச்சு விட்டவர்கள்

"கதவை மூடுங்கன்னா மூடுங்க! உள்ள இருக்குற சூடெல்லாம்..."

"விருந்தாளி வந்து நிக்கிறாங்கடி, மூஞ்சியில அடிச்ச மாதிரி..."

"வெளிக் கதவைச் சாத்தாம உள் கதவைத் திறக்காதீங்கன்னு எத்தனை தடவை..."

"நம்ம நரின் ஊர்ல எவனாவது விருந்தாளிய வெளிய வச்சுக் கதவைச் சாத்தியிருக்கானா? நீயே சொல்லு!"

"சாத்தவும் முடியாதே! எல்லார் பூட்ஸும் குறுக்க கெடக்கு. காலால தள்ளுங்க!"

ஷாமென் தள்ளினார். கம்பளி வைத்துத் தைத்த கதவு பொதுக்கென்று அமுங்கி மூடியது. பக்கத்துத் தெரு கெங்கேஷ் தன் மனைவி, மூன்று மச்சினன்மார், ஒரு கோமுஸ் வாத்தியம் சகிதம் காலுறையோடு உள்ளே நின்றான். செடி வளர்க்கும் ஊதா விளக்கு வெளிச்சத்தில் ஐவர் முகமும் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

ஷாமெனின் மனைவி புருல்கான் சுவரில் தொங்கிய கரியமில வாயு மீட்டரைப் பார்த்தாள். நூற்றுத் தொண்ணூறு. வெளியே தெருக்காற்றில்கூடக் கரியமில வாயு நானூறுக்கு மேல் இருக்கும். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவளுக்கு அந்த எண் என்ன சொல்கிறதென்று தெரியும். செடிகள் பட்டினி. கதவைத் திறந்து வைத்தாலோ குளிரில் கருகிவிடும்.

பழைய கம்பளிக் கிடங்கு அது. சுவரெல்லாம் வெள்ளித்தாள் ஒட்டி, ஓட்டைக்கு ஓட்டை கம்பளி திணித்து, இரட்டைக் கதவு போட்டு, ஊசி நுழைய இடமில்லாமல் அடைத்தவள் அவள். கரியமில வாயு சிலிண்டர் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வர வேண்டும். பனி சரிந்து கணவாய் மூடிப் பதினைந்து நாள் ஆகிறது.

எல்லாம் சம்பந்தியால் வந்த வினை. ஜனவரியில் மகள் கல்யாணத்தில், ஓஷ் ஊர்க்காரர் தொக்தோசுன் ஆட்டுக்கறித் தட்டைப் பார்த்து முகம் சுளித்தார். "இதென்னய்யா, கறிக்குத் தொட்டுக்க ஒரு பச்சை இல்லையா? எங்க ஊர்ல கடிச்சுக்க ஏதாவது இல்லைன்னா தொண்டையில எறங்காது. பாவம், ஒங்க நரின்ல பனிதான் விளையும்."

ஷாமெனுக்கு மீசை துடித்தது. "மார்ச்சுல நவ்ரூஸ் பண்டிகைக்குள்ள எங்க வீட்டு வெள்ளரிக்கா ஒம்ம பல்லுல நறுக்குன்னு கடிபடும்! இல்லைன்னா என் சாம்பல் குதிரை ஒமக்கு!"

"கடிபட்டுச்சுன்னா நரின்தான் தோட்டம், ஓஷ் வெறும் பொட்டல்னு நடுத்தெருவுல கத்துறேன், போதுமா?"

குதிரை யாருடையது? தாய் செத்த குட்டியைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் புருல்கான். இன்றைக்கும் அவள் இருமினால் லாயத்திலிருந்து அது கனைக்கும். அதை வைத்துத்தான் மனுஷன் பந்தயம் கட்டிவிட்டு வந்தார்.

"டீ குடிச்சிட்டுச் சீக்கிரம் கெளம்புங்க கெங்கேஷ்," என்றாள் கடுப்பாக. விருந்தாளியை அப்படிச் சொல்லலாமா? சொல்லிவிட்டாள். அவனோ வெளியே மைனஸ் முப்பது டிகிரிக் குளிர் என்று தொட்டிகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கோமுஸை மீட்டி, தொண்டை கிழியப் பாடத் தொடங்கினான். மச்சினன்மார் கூடச் சேர்ந்து கத்தினார்கள்.

மூன்றாம் பாட்டில் புருல்கான் மீட்டரைப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். எழுநூறு.

"ஐயோ! மூச்சு!" என்று கத்தினாள். "நீங்க விடுற மூச்சுதாங்க! பாடுங்க, நிறுத்தாதீங்க!"

"கெளம்பச் சொன்னியே அக்கா?"

"நான் சொன்னதை எதுக்கு இப்ப ஞாபகம் வச்சிருக்க? பாடுடா!"

அன்றிலிருந்து தினமும் விருந்து. ஒரே சமயத்தில் நுழைய வேண்டும், இரண்டு மணி நேரம் கதவைத் தொடக்கூடாது, பூட்ஸ் ஆணியில் தொங்க வேண்டும். பாடத் தெரிந்தவர் பாடினார்கள், தெரியாதவர் சண்டை போட்டார்கள். எதுவானாலும் மீட்டர் ஏறியது. "சோகப் பாட்டு வேண்டாம், அறுபதுதான் ஏறுது, குத்துப்பாட்டுப் போடு!" என்று ஷாமென் அதட்டுவார். ஆயிரத்து ஐந்நூறு தாண்டினால் எல்லோருக்கும் கொஞ்சம் கிறுகிறுக்கும். கெங்கேஷின் மனைவி காரணமே இல்லாமல் சிரிப்பாள், அவளைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்கள், மீட்டர் இன்னும் ஏறும். இரண்டாயிரத்தைத் தொட்டதும் புருல்கான் எல்லோரையும் வெளியே துரத்துவாள். கொடிகள் கயிற்றைப் பிடித்துக் கூரைக்கு ஏறின. பூத்தன. காய்த்தன.

நவ்ரூஸுக்கு இரண்டு நாள் முன்பு முப்பத்தொரு காய். அன்றைய விருந்தில் புருல்கானும் ஆடினாள். ஆடிக் களைத்து, தலை சுற்றி, சந்தோஷம் பொங்கி, விருந்து முடிந்தால் எந்த வீட்டுக்காரியும் சொல்வதைச் சொல்லிவிட்டாள். "வெறுங்கையோட போகாதீங்க! விருந்துல மிஞ்சினதை வீட்டுப் பிள்ளைங்களுக்குக் கெஷிக்கா எடுத்துட்டுப் போங்க!"

எடுத்துக்கொண்டு போனார்கள். பதினொரு பேர், ஆளுக்கு ஒரு பை.

காலையில் கொடி மொட்டையாக நின்றது. ஷாமென் வீடு வீடாக ஓடித் திரும்பினார்.

"ஒண்ணுமே மிச்சமில்லடி. எல்லா வீட்லயும் ராத்திரியே தின்னுட்டாங்க. ரொம்ப ருசியா இருந்துச்சாம்."

"ருசி கேட்டனா உங்களை?" அவள் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அழுதாள். லாயத்தில் குதிரை கனைத்தது.

மத்தியானமே தொக்தோசுன் வந்து இறங்கினார், கையில் புதுக் கடிவாளத்தோடு. மொட்டைக் கொடிகளைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இலை நல்லா வளத்திருக்கீங்க சம்பந்தி. குதிரைக்குப் போடலாம்."

"தின்னுட்டாங்கய்யா! முப்பத்தொண்ணு!" என்றார் ஷாமென்.

"ஆமாமா. எங்க ஊர்லயும் நேத்து யானை காய்ச்சுது. தின்னுட்டாங்க."

பதினொரு பேரும் குற்றவுணர்ச்சியோடு வரிசையாக வந்து சேர்ந்தார்கள். சம்பந்தியைச் சாப்பிடாமல் அனுப்ப முடியுமா? அடைத்த அறையில்தான் எல்லோரும் உட்கார இடம். கறித்தட்டு வந்தது. மரியாதைக்குரிய துண்டு தொக்தோசுனுக்கு, கொழுப்போடு. கெங்கேஷ் பாடினான். முதலில் முறைத்துக்கொண்டிருந்தவர் இரண்டாம் பாட்டில் தொடையைத் தட்டினார். மீட்டர் ஆயிரத்து எழுநூறைத் தாண்டியபோது தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு, எல்லோரையும்விட உரக்க ஓஷ் பாட்டு ஒன்றைப் பிடித்தார். கெங்கேஷின் மனைவி சிரிக்கத் தொடங்கினாள். அறையே குலுங்கியது.

புருல்கான் மட்டும் சிரிக்கவில்லை. கடிவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டுக்கு நடுவில் தொக்தோசுன் ஒரு பெரிய கொழுப்புத் துண்டை வாயில் போட்டு மென்றார். கண்ணை மூடியபடியே அவர் இடது கை, ஓஷ் வீட்டில் சாப்பாட்டு விரிப்பின்மேல் துழாவுவதுபோல, பக்கவாட்டில் துழாவியது. ஊதா வெளிச்சத்தில் இலையும் கருப்பு, காயும் கருப்பு. அவர் தோளுக்குப் பின்னால் இலை மறைவில் தொங்கிய ஒன்றை, நேற்றுப் பறித்தவர்கள் யாரும் பார்த்திருக்கவில்லை. கை பார்த்துவிட்டது. திருகியது. வாய்க்குக் கொண்டுபோனது.

நறுக்.

கெங்கேஷின் கோமுஸ் நின்றது. சிரித்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தொக்தோசுனின் கண் மெல்லத் திறந்தது, தாடை பாதியில் நின்றது.

புருல்கான் எழுந்து, கடிவாளத்தை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்:

"சம்பந்தி, வாயில என்னது?"