ஐஸ் தண்ணீரில் குழைத்த தீர்மானம்

குடியிருப்போர் சங்கத் தலைவரின் மேல்வரிசைப் பல் செட் உடைந்தது ஒரு மேடையில்தான். குப்பைத் தொட்டி திறப்பு விழா. தொட்டிக்கு மூடி இருக்கிறது, மூடி இருக்கிற எதையும் யாராவது ஒருவர் முறைப்படி திறந்து வைத்தாக வேண்டும் என்பது தலைவரின் கொள்கை. நாற்பதாவது நிமிடத்தில் ‘ஒப்பற்ற’ என்ற சொல்லை அழுத்திச் சொன்னார். பல் செட் கிளம்பிப் போய், முதல் வரிசையில் கைதட்டிக்கொண்டிருந்தவர் காலடியில் விழுந்து இரண்டாகப் போனது. தலைவர் நிறுத்தவில்லை. பல் இல்லாமலே இன்னும் இருபது நிமிடம் பேசினார். அவர் என்ன பேசினார் என்று யாருக்கும் புரியவில்லை. வழக்கத்தைவிட மோசம் என்றும் யாரும் சொல்லவில்லை.

செய்தி காதில் விழுந்ததும் பல்லக்கா கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டாள். பல்லக்கா என்பது குடியிருப்பில் அவளுக்கு வைத்த பெயர். தெருமுனைப் பல் கிளினிக்கில் பன்னிரண்டு வருடமாக உதவியாளர் வேலை. குடியிருப்பது ஆறாவது மாடியில். லிஃப்ட் நின்று பதினான்கு மாதம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு முன்னால், தண்ணீர் கேனைத் தோளில் சுமந்து ஏறிய அவள் கணவர் நான்காவது மாடித் திருப்பத்தில் உருண்டு கணுக்காலை முறித்துக்கொண்டார். உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். சமதரையில் நடக்கலாம், இன்னும் ஆறு மாதத்துக்குப் படி மட்டும் ஆகாது என்பது எலும்பு டாக்டரின் உத்தரவு.

கணவருக்கு பஸ் நிலையத்தில் முன்பதிவு கவுண்டர். உட்கார்ந்து பார்க்கிற வேலைதான். போய் உட்காரத்தான் வழியில்லை. ஒருமுறை நாலு பேர் நாற்காலியோடு தூக்கி இறக்கப் பார்த்தார்கள். ஐந்தாவது மாடியிலேயே யார் பக்கம் கனம் அதிகம் என்று சண்டை வந்து, திரும்ப மேலேயே கொண்டுபோய் வைத்துவிட்டுப் போனார்கள். வருகிற ஒன்றாம் தேதி வேலைக்கு வராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று அலுவலகத்திலிருந்து கடிதமும் வந்துவிட்டது.

“என்னை ஒரு தொட்டியில வச்சுத் தண்ணி ஊத்தும்மா. பால்கனியில நல்லா வளருவேன்” என்பார் மனுஷன். சிரிப்பார். அப்புறம் கடிதத்தை எடுத்துத் தேதியை இன்னொரு தரம் பார்ப்பார்.

லிஃப்டைச் சரிசெய்ய ஆளும் தயார், சாமானும் தயார். இரண்டே நாள் வேலை. தீர்மானம் ஒன்றுதான் பாக்கி. கூட்டம் போட்டால் தலைவர் எழுந்துவிடுவார். ஏறுவதில்தான் மனிதனின் மாண்பு இருக்கிறது என்று ஆரம்பித்தால், மற்றவர்கள் ஒவ்வொருவராக நழுவி, கடைசியில் கூட்டம் தானாகவே கலைந்துவிடும். தலைவர் வீடு தரைத்தளத்தில்.

சங்கத்தின் விதிப்புத்தகம் தலைவர் தம் கைப்பட எழுதியது. அவர் எங்கே இருக்கிறாரோ அதுவே கூட்டம் நடக்கும் இடம்; இதன்படி ஒரு பொதுக்குழு முடிதிருத்தும் கடையில் நடந்திருக்கிறது. எந்தத் தீர்மானமும் தலைவரின் முழுப் பட்டங்களோடு தொடங்கி, ஒரு சொல் விடாமல் படிக்கப்பட வேண்டும். படித்து முடிப்பதற்குள் தலைவர் வாய்மொழியாக மறுக்காவிட்டால் அது நிறைவேறியதாகக் கொள்ளப்படும். கையை ஆட்டுவது மறுப்பு ஆகாது. முன்னாள் பொருளாளர் ஒருவர் மூன்று கூட்டங்கள் கையை ஆட்டியே எதிர்த்தார் என்ற கடுப்பில் சேர்த்த வரி அது.

பல்லக்கா நேராகச் செயலாளர் வீட்டுக்குப் போனாள். அவர் ஐந்தாவது மாடி, இரண்டு முழங்காலிலும் வலி, தலைவர் பேரைக் கேட்டாலே மூன்றாவதாக ஒரு வலி. புதுப் பல் செட் கட்ட வேண்டுமென்றால் முதலில் வாயில் அளவு எடுத்தாக வேண்டும். அதற்கென்று இருக்கும் மாவைத் தண்ணீரில் குழைத்து ட்ரேயில் அப்பி மேல் அண்ணத்தில் அழுத்தினால், அது இறுகும்வரை எப்பேர்ப்பட்ட பேச்சாளரும் வாயைத் திறக்க முடியாது என்று விளக்கினாள். செயலாளர் முகத்தில் பல வருடத்துக்குப் பிறகு ரத்தம் ஓடியது.

“எவ்வளவு நேரம் இறுகும்?”

“மூணு நிமிஷம், சார்.”

ஓடிய ரத்தம் வடிந்துவிட்டது. தீர்மானத்தை எவ்வளவு ஓட்டிப் படித்தாலும் ஐந்து நிமிடம் நாற்பது விநாடி. பட்டங்களுக்கு மட்டுமே இரண்டு நிமிடத்துக்கு மேல் போகும்.

மூன்று நிமிடம் என்பது கல்லில் வெட்டியதல்ல என்றாள் பல்லக்கா. மாவும் தண்ணீரும் ஒன்றோடொன்று வினைபுரிந்துதான் இறுகுகின்றன. அது எத்தனை வேகத்தில் நடக்க வேண்டும் என்பதைக் குழைக்கிறவள் ஓரளவு தீர்மானிக்கலாம். சூடு இருந்தால் உள்ளே துகள்கள் தறிகெட்டு ஓடி ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். வேலை சட்டென்று முடியும். குளிர்ந்த தண்ணீரில் அவை சாப்பாட்டுக்குப் பிந்தைய அலுவலகம்போல ஆகிவிடும். நடக்கும், ஆனால் மெதுவாக நடக்கும். மாவைக் கூட்டிக் கெட்டியாகக் குழைத்தால் துகள்களுக்கு நெருக்கம், வேகம். தண்ணீரைக் கூட்டினால் ஒன்றுக்கொன்று தூரம், தாமதம். கட்டியாக இருப்பதைவிட நைஸாகப் பொடித்தது சீக்கிரம் இறுகும், தண்ணீர் தொட அதிக இடம் கிடைக்கிறதே. இதையெல்லாம் அவள் புத்தகத்தில் படித்தது பாதி, கிண்ணத்தைப் பாழாக்கித் தெரிந்துகொண்டது மீதி.

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், மூடியிருந்த கிளினிக்கில் ஒத்திகை. நாற்காலியில் செயலாளரே உட்கார்ந்தார். குழாய்த் தண்ணீரில் மூன்று நிமிடம். ஃப்ரிட்ஜ் தண்ணீரில் நாலே முக்கால். ஐஸ் தண்ணீரில் ஆறு நிமிடம் பத்து விநாடி. இன்னும் கொஞ்சம் தண்ணீர் கூட்டிப் பார்த்ததில் ஏழு நிமிடத்தைத் தாண்டியது, ஆனால் பாதி மாவு செயலாளரின் தொண்டைக்குள் இறங்கப் பார்த்தது. அவருக்கு அதைப் பற்றி நிறையச் சொல்ல இருந்தது, சொல்ல முடியவில்லை. முறை வேலை செய்கிறது என்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

பல் டாக்டரிடம் ஒளிக்க முடியாது. எட்டு வருடமாக வாயைத் திறந்து வைத்துக்கொண்டே தலைவர் அவருக்குப் பல் மருத்துவம் கற்றுக்கொடுத்து வந்திருக்கிறார். டாக்டர் கண்ணாடியைத் துடைத்தபடியே கேட்டுக்கொண்டார்.

“நீ எந்தத் தண்ணியில குழைக்கிறேன்னு நான் பார்க்கிறதில்ல. ஆனா அளவு சரியா வரணும். தப்பா வந்தா தப்புன்னுதான் சொல்லுவேன்.”

ஒன்றாம் தேதிக்கு ஆறு நாள் இருந்தது. குறித்த மாலையில் தலைவர் வந்தார். நலம் விசாரிக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு செயலாளர், பொருளாளர், இரண்டு உறுப்பினர்கள். பத்துக்குப் பத்து அறை. அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. ஃபேன் நின்று, ஏழு பேரின் மூச்சில் அறை அவியத் தொடங்கியது. போதாததற்குத் தலைவர் ஃபிளாஸ்கில் கொண்டுவந்த சூடான காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டே வாயைத் திறந்தார். பல்லக்கா மனசுக்குள் நிமிடங்களைக் கழித்துக்கொண்டே ஐஸ் கட்டியைக் கூட்டிப் போட்டாள். அரை இருட்டில் அவசரமாகக் குழைத்துக் கொடுத்தாள். ட்ரே உள்ளே போனது.

“கூட்டம் தொடங்குகிறது” என்றார் செயலாளர்.

தலைவரின் கண்கள் பெரிதாயின. செயலாளர் மூச்சுவிடாமல் பட்டங்களை இறைக்க ஆரம்பித்தார். தலைவரின் கை பறந்தது, கை செல்லாது. அப்போதுதான் ஜன்னல் வெளிச்சத்தில் பல்லக்கா கிண்ணத்தைப் பார்த்தாள். அடியில் வெள்ளையாக ஒரு படலம். காலையில் டாக்டர் அதே கிண்ணத்தில் அச்சு வார்க்கப் பிளாஸ்டர் குழைத்திருக்கிறார், சரியாகக் கழுவவில்லை. துளி பிளாஸ்டர் பட்டாலே போதும், இந்த மாவுக்குப் பேய் பிடித்த மாதிரி அவசரம் வந்துவிடும். எத்தனை ஐஸ் போட்டாலும் அதற்கு முன்னால் நிற்காது.

ஒரு நிமிடம் நாற்பது விநாடி. செயலாளர் ஒன்பதாவது பட்டத்தில் இருந்தார். டாக்டர் கிண்ணத்து மிச்சத்தை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு ட்ரேயை வெளியே இழுத்தார். திருப்பிப் பார்த்தார். மேற்பரப்பெல்லாம் மணல்மணலாக, ஓரம் கிழிந்து.

“சரியா வரல. இன்னொண்ணு எடுக்கணும்.”

வேறு கிண்ணம், வேறு கரண்டி, புதுத் தண்ணீர். எப்படிப் பறந்தாலும் ஒன்றரை நிமிடம் ஆகும். அதுவரை தலைவரின் வாய் காலி. ‘மறுக்கிறேன்’ என்று ஒரே சொல் போதும், பல் இல்லாமலும் சொல்லிவிடலாம். தலைவர் பேசும்போது பிறர் வாய் திறக்கக் கூடாது என்பதும் விதி. செயலாளர் தாளோடு சிலையாக நின்றார். பல்லக்காவின் கை குழைத்துக்கொண்டே இருந்தது. காது மட்டும் நாற்காலியில்.

தலைவர் வாயைத் துடைத்தார். தொண்டையைச் செருமினார். கழுத்துத் துண்டை இழுத்து மார்பில் சரிசெய்தார்.

“பேரன்புக்குரிய செயலாளர் அவர்களே” என்று ஆரம்பித்தார்.

பொருளாளரை விளித்தார். உறுப்பினர் இருவரையும் தனித்தனியே விளித்தார். பல் மருத்துவப் பெருந்தகையை விளித்தார். தம்மைப் பேச அழைக்காத நிலையிலும் பேசக் கிடைத்த வாய்ப்புக்கு நன்றி சொன்னார். மறுப்பு என்றால் என்ன என்ற கேள்வியை எழுப்பி, அது இரண்டு வகைப்படும் என்றார். முதல் வகையை விளக்கினார். ட்ரேயில் மாவு ஏறிவிட்டது. ஆனால் பேசிக்கொண்டிருக்கிற வாயில் ட்ரேயை நுழைக்க எந்த டாக்டராலும் ஆகாது.

“ஆகவே, இந்தத் தீர்மானத்தை நான்...”

அங்கே நிறுத்தினார். முக்கியமான சொல்லுக்கு முன்னால் அவர் எப்போதும் நிறுத்துவார். வாயைத் திறந்தபடி இடது பக்கம் ஒரு பார்வை, வலது பக்கம் ஒரு பார்வை. பதினான்கு மாதக் கூட்டங்களில் பல்லக்கா அதைப் பார்த்திருக்கிறாள். ட்ரேயை டாக்டர் கையில் திணித்துவிட்டு, ஈரக் கையுறையோடு படபடவென்று கைதட்டினாள். பொருளாளர் பழக்கதோஷத்தில் சேர்ந்துகொண்டார். உறுப்பினர்களும் தட்டினார்கள். தலைவர் முகம் மலர்ந்தது. கைதட்டல் ஓயட்டும் என்று பெருந்தன்மையோடு, திறந்த வாயை மூடாமல் காத்திருந்தார்.

டாக்டர் ட்ரேயை உள்ளே வைத்து அழுத்தினார்.

செயலாளர் பத்தாவது பட்டத்திலிருந்து பிடித்துக்கொண்டார். மீதி நாலு நிமிடம். அறையோ அடுப்பாக இருந்தது. மிச்ச மாவை ஒரு உருண்டை எடுத்து விரலிடுக்கில் வைத்துக்கொண்டு பல்லக்கா நின்றாள். கொழகொழவென்று இருந்தது. இரண்டு நிமிடத்தில் பிசுபிசுத்தது. மூன்றாவது நிமிடத்தில் ஓரம் கட்டத் தொடங்கியது. அவள் செயலாளரைப் பார்த்துக் கையைச் சுழற்றினாள். அவர் கமாக்களை எல்லாம் விழுங்கினார். ‘லிஃப்ட்டானது’ என்பதற்கும் ‘பழுது’ என்பதற்கும் நடுவே மூச்சுகூட விடவில்லை. உருண்டை ரப்பராகி, டாக்டர் ட்ரேயின் பிடியில் விரல் வைத்தபோது, “ஏகமனதாக நிறைவேற்றப்படுகிறது” என்று முடித்துவிட்டுச் செயலாளர் பொருளாளர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ட்ரே வெளியே வந்தது. டாக்டர் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். இவ்வளவு அழகான அளவு தன் அனுபவத்தில் வந்ததில்லை என்றார்.

தலைவர் வெகுநேரம் வாயைக் கொப்பளித்தார். எல்லோரும் அடுத்த இடிக்காகக் காத்திருந்தார்கள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, இப்படி ஒரு தீர்மானத்தைக் கொண்டுவர வேண்டும் என்று தாம் நெடுநாளாக எண்ணியிருந்ததாகவும், முன்மொழிந்தவர் என்ற இடத்தில் தம் பெயரையே போடும்படியும் சொன்னார். பட்டங்களோடு. செயலாளர் மறுபேச்சின்றி எழுதிக்கொண்டார். உடனே தலைவர் நன்றியுரைக்கு எழுந்துவிட்டார்.

பல்லக்கா பின்கட்டுக்குப் போய்க் கணவருக்கு போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள். லிஃப்ட் ஆள் நாளைக் காலை வருகிறான், நாளை மறுநாள் ஓடும். ஆனால் யார் பெயரில் எழுதியிருக்கிறார்கள் தெரியுமா என்று குமுறினாள். இத்தனை பாடும் பட்டது யார், பெயர் வாங்கிக்கொண்டு போவது யார்.

“பேரு அவரோடதா இருந்துட்டுப் போகட்டும். கீழே போறது நான்தானே?” என்றார் கணவர்.

போனில் அலமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. உள்ளே நன்றியுரை முதல் வகையைத் தாண்டிக்கொண்டிருந்தது.

“ஏம்மா, என் ஆபீஸ் ஷூவை எங்க வச்சே?”