வளையலில் சுற்றிய நூல்

"சாவு வீட்டுல சிவப்பு ஆகாதும்மா. வளையலை நீ போட்டுக்கிட்டாலும் அந்த நூலை வெட்டிடு," என்றாள் உடலைக் குளிப்பாட்ட வந்த பெண், ஈரத் துணியைப் பிழிந்தபடி.

யூசின், இறந்துபோன தன் தாயின் இடது கையை மடியில் வைத்திருந்தாள்.

"கழட்டித்தான் ஆகணும். நெருப்புல கல்லு வெடிச்சிரும்," என்றாள் அண்ணி பெய்லிங். "'மருமகளே, சமையக்கட்டு உனக்கு, வளையல் என் பொண்ணுக்கு'ன்னு பத்து வருஷமா என் காதுல ஓதினாங்களே அத்தை. இந்தா, எடுத்துக்கோ..." சிரிக்கப் போனவளுக்குக் குரல் உடைந்தது. இறந்தவருக்காக எரிக்கும் காகிதத் தாமரை மடிக்கிற சாக்கில் கூடத்துக்குப் போய்விட்டாள்.

ஒரே கல்லில் குடைந்த பச்சை ஜேட் வளையல். தாயிடமிருந்து மகளுக்கு என்று நான்கு கைகள் கடந்து வந்தது. முன்பெல்லாம் சோப்புக்கும் எண்ணெய்க்கும் அசையாதது, இன்று இழுக்காமலே நழுவி வந்தது.

இரண்டு வருடமாக அதில் இரண்டு இடத்தில் சிவப்பு நூல். "கை மெலிஞ்சு போச்சுடி, நழுவுது. அதான் சுத்தி வச்சிருக்கேன்," என்று அம்மா சொல்லியிருந்தாள்.

யூசின் அந்த நூலை முதலில் பார்த்ததற்கு முந்தைய வருகையில்தான் அந்தச் சண்டை. என்னோடு தைப்பேவுக்கு வந்துவிடு என்று யூசின் கெஞ்ச, தைனானை விட்டு அசையமாட்டேன் என்று அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தாள். பொறுமையிழந்து அம்மாவின் இடது கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள் யூசின். மணிக்கட்டு தொட்டி விளிம்பில் மோதியது.

"ஒண்ணும் ஆகல. கிளம்பு, ரயிலுக்கு நேரமாச்சு."

அம்மா வாசல்வரை வந்தாள். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால். டாக்சி தெருமுனை திரும்பும்வரை அப்படியே நின்றாள், கையசைக்கவில்லை. அந்தக் கோபம் தீர்ந்ததா என்று கேட்க யூசினுக்கு அதற்குப் பிறகு வாய் வரவேயில்லை. நேற்று ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கலாம். நேற்றும் கேட்கவில்லை.

கத்தரிக்கோலால் முதல் சுற்றை வெட்டினாள். இரண்டாவதையும் வெட்டினாள்.

வளையல் இரண்டு துண்டாக அவள் மடியில் விழுந்தது.

முறிவுகளில் பழைய பசை மஞ்சளித்துக் காய்ந்திருந்தது. யூசின் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தாள். விலக்கினாள். மறுபடியும் சேர்த்தாள். அன்று வாசலில், முதுகுக்குப் பின்னால், அம்மா எதைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்?

"நூல் இருக்கா?" என்றாள், அவளுக்கே கேட்காத குரலில்.

குளிப்பாட்ட வந்தவள் வெள்ளை நூல்கண்டை நீட்டினாள். யூசின் துண்டுகளைத் தன் மணிக்கட்டில் பொருத்தி, நூலின் ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு நெருக்கமாகச் சுற்றினாள். சதையில் அழுந்தியது.

அவள் கூடத்துக்கு வந்ததும் பெய்லிங் நிமிர்ந்து பார்த்தாள்.

"உனக்கு எதுக்குடி நூலு? உன் கைக்கு அது ஏறினதே அதிசயம்."

யூசின் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, தாமரை மடிக்க ஒரு மஞ்சள் காகிதத்தை எடுத்தாள்.

"நழுவுது, அண்ணி," என்றாள்.