நெடுஞ்சாலைக்கு மேல் ஓர் அடுப்பு

வெர்லீனும் ஒடெஸாவும் சிறு வயதில் ஒரே தெருவில் விளையாடியவர்கள். அந்தத் தெருவைப் பிளந்துகொண்டு நெடுஞ்சாலை வந்ததில், ஒருத்தி இந்தக் கரை, மற்றவள் அந்தக் கரை. நடுவே ஆழப் பள்ளம் தோண்டிப் போட்ட சாலையில் ஓயாமல் லாரிகள்.

ஞாயிறன்று தத்தம் கரையிலுள்ள சர்ச் முடிந்ததும் இருவரும் அவரவர் முற்றத்தில் பன்றி விலா சுடுவார்கள். ஒடெஸா கறியில் தடவும் சாஸில் சர்க்கரை கருகும் வாசனை காற்றில் வந்தாலே வெர்லீனுக்குப் பற்றிக்கொண்டு வரும். போனில் நலம் விசாரிக்கலாம், திட்டுவதென்றால் நேரில்தான் திட்ட வேண்டும் என்பது அவள் கட்சி. வேலியோரம் நின்று கையை ஆட்டி ஆட்டிக் கத்துவாள். அந்த இரைச்சலில் ஒரு வார்த்தையும் போய்ச் சேராது.

இப்போது சாலை அடியில் ஓட, பள்ளத்தைத் தளம் போட்டு மூடி மேலே பூங்கா அமைக்க அரசு மானியம் வந்துவிட்டது. இரு கரைக்காரர்களுக்கும் சேர்த்து ஒரு சர்ச் கூடத்தில் கூட்டம். "மேல என்னென்ன வேணும்?" என்று கேட்டார் பொறியாளர். மரம், ஊஞ்சல் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

வெர்லீன் எழுந்தாள். "சாஸ்ல சர்க்கரையக் கொட்டாதடின்னு முப்பது வருஷமா கத்துறேன். அது அவ காதுல விழணும். எனக்கு அது போதும்."

பின்வரிசையில் ஒடெஸா விருட்டென்று எழுந்தாள். "அடிப்பாவி! வாசனை தூக்குதுன்னு நீ பாராட்டுறதால்ல நெனச்சேன்! நீ கைய ஆட்ட ஆட்ட, இன்னும் ஒரு கரண்டி சேத்துப் போட்டேனே!"

கூடமே சிரித்தது. "அப்ப பூங்காவுல ஆளுக்கொண்ணா ரெண்டு அடுப்பு போட்டுரலாமா?" என்றார் பொறியாளர்.

"எதுக்கு ரெண்டு?" என்று சீறினாள் வெர்லீன். "ஒண்ணே போடுங்க. அவ சர்க்கரைய எடுத்தா, கையப் பிடிக்க நான் பக்கத்துல நிக்க வேணாமா?"