கன்னத்தில் வைத்த கை

ஜார்கென்ட் ஊரில் எங்கள் வீட்டுக்குத் திலேக் பெண் கேட்டு வந்தபோது, என் மாமியாரை எதிரில் உட்காரவைத்துத் தானே வரைந்த படத்தையும் கொண்டுவந்தான். அவன் விரும்பியது என் நாத்தனார் மரியாஷை. மாமனார் தலையசைத்தால்தான் அவன் வீட்டுப் பெரியவர்கள் முறைப்படி வரமுடியும்.

படத்தை மூடியிருந்த துணியை விலக்கினான். படத்தில் மாமியார் இடது கன்னத்தைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தார். எங்களில் துக்க வீட்டுப் பெண்கள்தான் அப்படி உட்காருவார்கள். பிள்ளைகள் விளையாட்டாகக் கன்னத்தில் கை வைத்தாலும் தட்டிவிடுவோம். நகரத்தில் ஓவியம் படித்தவனுக்கு அது மறந்துபோயிருந்தது.

“இந்த வீட்டுல யாருடா செத்தது?” என்றார் மாமனார். “நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேனே!”

அவருடைய தம்பி பள்ளிக்கூட ஆசிரியர். “கோவப்படாதீங்கண்ணே. அண்ணி கண்ணைப் பாருங்க. பொண்ணை அனுப்பப்போற கவலை அது.”

“கவலைப்பட்டா மூஞ்சி கோணுமா? ஒரு பக்கம் பூசணிக்கா மாதிரி இருக்கே!”

“நானா எதையும் சேர்க்கலைங்க” என்றான் திலேக். “கையை எடுக்கச் சொன்னா எடுப்பாங்க. கொஞ்ச நேரத்துல மறுபடி அங்கேயே போயிடும்.”

“கையை அழி, மூஞ்சியை நேராக்கு. அப்புறம் பொண்ணு பேச்சு.”

“கையை வேணா அழிச்சிடறேங்க. மூஞ்சியை மாத்தினா அது அம்மா இல்லையே.”

“அப்போ பொண்ணும் இல்ல.”

கதவோரம் நின்ற மரியாஷ் தலைத்துணியின் முனையைக் கசக்கினாள். மருமகள் மாமனார் எதிரில் வாய் திறப்பதில்லை; நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மாமியார் கிண்ணத்தை வாங்கி, வலப்பக்கமாகச் சாய்த்து ஒரு வாய் குடித்தார்.

“பல்லு” என்றார்.

“என்னது?”

“கடவாப்பல்லு. தயிர்க்கட்டி காயப்போட்ட நாள்லேருந்து வலி. தினம் எதிர்ல உக்காந்து சாப்பிடறீங்க, உங்களுக்குத் தெரியல. இந்தப் பையன் வீக்கத்தோட வரைஞ்சிருக்கான்.”

“சொல்லித் தொலைக்கறதுதானே?”

“சொன்னா? உப்புத்தண்ணில கொப்பளின்னுவீங்க.”

மாமனார் படத்தைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு தம்பி பக்கம் திரும்பினார். “கவலையாம், கவலை! நீயெல்லாம் ஒரு வாத்தியாரு.”

தம்பி கிண்ணத்துக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்.

“வண்டி ஓட்டுவியாப்பா?” என்று திலேக்கைக் கேட்டார் மாமனார்.

“ஓட்டுவேங்க.”

“என் வண்டி வாசல்ல நிக்குது. உன் மாமியாரைப் பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. பெரியவங்களை வெள்ளிக்கிழமை வரச்சொல்லு.”

திலேக் எழுந்தான். “படத்தை எங்கே மாட்டட்டுங்க?”

“உன் வீட்டுல மாட்டிக்கோ. இங்கே மாட்டினா ஊரே துக்கம் கேட்க வந்துடும்.”