கொடுப்பாராம்

முனிரத்தினம் வீட்டுக்கு வந்து கேட்டபோதே சாராள் முடியாது என்று சொல்லியிருக்கணும். "சமாதானத்தைப் பத்தி பேசறாரு டீச்சர், டெல்லித் தலைவரு. அவரு இங்கிலீஷ்ல பேசுவாரு, நீங்க தமிழ்ல சொன்னா போதும்," என்று அந்தக் கட்சிக்காரன் குழைந்தான். சமாதானம் என்ற சொல்லில் ஏமாந்துபோனாள். வேலை அவளுக்குப் பழகினதுதான். கிழக்குத் தாம்பரம் சபைக்கு எந்த ஊர் பிரசங்கியார் வந்தாலும் பக்கத்தில் நின்று வரிக்கு வரி தமிழில் சொல்கிறவள் அவள். அதில் ஒரே சட்டம்: அவர் 'நான்' என்றால் இவளும் 'நான்' என்றே சொல்லணும்.

மேடை ஏறின பிறகுதான் லட்சணம் தெரிந்தது. சமாதானமாம், பெரிய சமாதானம்.

"சமாதானம் பயந்தாங்கொள்ளி கேட்கிற பிச்சை," என்றார் தலைவர். சாராள் தமிழில் சொன்னாள். போர்தான் தேசத்தைக் கழுவிச் சுத்தம் பண்ணும் என்றார். சொன்னாள். ரத்தம் சிந்தாமல் சுதந்திரம் நிலைக்காது, தலைவனென்றால் கண்ணீர் விடக்கூடாது என்றார். அந்தக் கண்றாவியையும் சொன்னாள். ஜனங்கள் அவள் வாயைப் பார்த்துத்தான் கைதட்டினார்கள்.

அவளுடைய ஒரே மகன் ஸ்டெபின் எல்லையில் ராணுவத்தில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, "பக்கத்துக் கட்டில் காலியாயிடுச்சும்மா," என்றான். அம்மாவுக்குக் கேட்கக்கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். இந்த மனுஷனின் பிள்ளையோ லண்டனில் ஓட்டல் நடத்துகிறான். காரில் வரும்போது முனிரத்தினமே அதைப் பெருமையாகச் சொன்னான்.

தலைவர் மார்பில் ஓங்கித் தட்டினார். "நான் சொல்கிறேன். இந்த மண்ணுக்காக ஆயிரம் பிள்ளைகளைக் கொடுப்பேன்." சொல்லிவிட்டு இவள் பக்கம் திரும்பினார்.

அடுத்தது அவள் முறை. நான் ஆயிரம் பிள்ளைகளைக் கொடுப்பேன் என்று, ஒற்றைப் பிள்ளையைப் பெற்றவள், தன் வாயால் சொல்லணும். முன்வரிசையில் சபைப் பெண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைக் சும்மா இரைந்தது.

"இன்னா டீச்சர், சொல்லுங்க," என்று பின்னாலிருந்து முனிரத்தினம் முணுமுணுத்தான்.

சாராள் மைக்கை இழுத்துப் பிடித்தாள்.

"இவர் ஆயிரம் பிள்ளைகளைக் கொடுப்பாராம்," என்றாள்.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு முன்வரிசை வரைக்கும் பரவியது. தலைவருக்குத் தமிழில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. தன்னைத்தான் மெச்சுகிறார்கள் என்று நினைத்துக் கையை உயர்த்தி, அதையே இன்னும் உரக்க முழங்கினார்.

"டீச்சர், வேணாம். என் பொழப்பு பூடும்," என்று முனிரத்தினம் கெஞ்சினான்.

"கொடுப்பாராம்," என்றாள் சாராள் மறுபடியும். "இவர் பிள்ளை லண்டன்ல ஓட்டல் வெச்சிருக்கான். கொடுக்கப்போறது என் ஸ்டெபினை."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தலைவர் மட்டும் கைதட்டலுக்காகப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.